நாற்பத்து நான்கு பொட்டுகள்

உங்கள் மடியில் இருக்கிற தராசுக்கு முத்திரை போட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். பயப்படாதீர்கள், துண்டைப் போட்டு மூட வேண்டியதில்லை. நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. பூண்டு வியாபாரமா? வாசனையிலேயே தெரிகிறது. காந்தி மார்க்கெட்டுக்கா? நல்லதாகப் போயிற்று, திருச்சி வரைக்கும் பேச்சுக்கு ஆள் கிடைத்தது.

முன் சீட்டில் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறாரே, அவர் என்னோடு வருகிறவர்தான். செங்கோடன் என்று பெயர். என் நெல் அறுவடை மிஷினுக்கு டிரைவர். மெக்கானிக்கும் அவரே. ஆத்தூரில் ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்கம்தான் என்று நினைக்கிறேன். நான் யாரையும் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நியாயம் எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் குஞ்சிதபாதம். மன்னார்குடிப் பக்கம். இருபத்தொன்பது வருடம் முத்திரை ஆய்வாளராக வேலை பார்த்தவன். எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் ஈயம் ஊற்றி, அந்த ஈயத்தின் மேல் முத்திரை குத்துவோம். முத்திரை இருந்தால் அது கல். இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் நான் சொல்லப்போகிற எல்லாமே உங்களுக்குப் புரிந்துவிடும். செங்கோடனுக்கு இன்றுவரை புரியவில்லை.

ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு பழைய மிஷின் வாங்கினேன். டயர் வண்டி. பதினேழு வயது. கதிரை அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லைத் தொட்டியில் கொட்டி, வைக்கோலைப் பின்னால் தள்ளுகிற வேலையெல்லாம் அது ஒன்றே செய்ய வேண்டும். அதற்காக உள்ளே எத்தனை தண்டுகள் சுற்றுகின்றன என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொரு தண்டின் இரண்டு முனையிலும் ஒரு பேரிங். வாங்கிய அன்று ஓட்டிப் பார்த்தபோது வண்டிக்குள் ஒரு வாரச்சந்தையே நடக்கிற மாதிரி சத்தம்.

செங்கோடனைப் போன மார்கழியில் தம்மம்பட்டியிலிருந்து வரவழைத்தேன். வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஓடுகிற வண்டியில் ஒவ்வொரு பேரிங்கின் கூட்டின் மேலும் அதன் நுனியை வைத்தார். கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மணி நேரம் இதே வேலை.

"பத்தொம்பது போச்சுங்க சார். மீதி இந்த வருசம் தாங்கும்."

"எப்படித் தெரியும்?"

"கேக்குதுங்களே."

உங்கள் காதுக்கு முத்திரை போட்டவர் யார் என்று கேட்டேன். தமாஷாகத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குக் காது போதாது. வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை நான் ஒரு நோட்டில் முழுக்கத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். அதில் சொல்லியிருக்கிறபடி அளவுகோல் வைத்து, ஒவ்வொரு தண்டாக ஆட்டி, ஆட்டத்தை அளந்து அட்டவணை போட்டேன். மூன்று நாள் ஆயிற்று. கெட்டுப்போனவை பத்தொன்பது. தற்செயல்.

பதினோரு நாள் கொட்டகையில் வேலை நடந்தது. பழைய பேரிங்கை இழுப்பான் போட்டு இழுப்பார். புதியதைச் சுத்தியால் அடித்து ஏற்றமாட்டார். எண்ணெயில் போட்டுச் சூடாக்குவார். சூட்டில் அது ஒரு மயிரிழை விரியும். அப்போது தண்டில் மாட்டினால் மோதிரம் மாதிரி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்து, ஆறினதும் இறுகிக்கொள்ளும். அழகான வேலை, நான் இல்லை என்று சொல்லமாட்டேன். எண்ணெய் காய்ச்ச ஒரு பாத்திரம் வேண்டும் என்றார். உள்ளே போய் வாணலியை எடுத்து வந்தேன். என் மனைவி ஞானாம்பாள் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"முறுக்கு சுடற வாணலியிலயா?"

"சுத்தமான எண்ணெய்தான்."

"எஞ்சின் ஆயிலா?"

"புது எஞ்சின் ஆயில்."

பொங்கலுக்கு எங்கள் வீட்டில் முறுக்கு இல்லை. அது வேறு விஷயம். சூடு பதமா என்று பார்க்க செங்கோடன் விரலில் தண்ணீர் தொட்டு ஒரு சொட்டுத் தெறிப்பார். சடசடவென்று பொரிந்தால் பேரிங்கை எடுத்துவிடுவார். நான் ஒரு தெர்மாமீட்டரோடு பக்கத்தில் நின்றேன். அவர் சொட்டு பொரிகிற நேரமும் என் தெர்மாமீட்டர் நூறைத் தாண்டுகிற நேரமும் பத்தொன்பது தடவையும் ஒன்றாகவே வந்தன. அதுவும் தற்செயல்.

இனிமேல்தான் விஷயம்.

வண்டியில் மொத்தம் நாற்பத்து நான்கு இடத்தில் கிரீஸ் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் சுண்டைக்காய் அளவில் ஒரு பித்தளை முனை நீட்டிக்கொண்டிருக்கும். நிப்பிள் என்பார்கள். கிரீஸ் துப்பாக்கியின் வாயை அதில் பொருத்தி அழுத்தினால் கிரீஸ் நேராக பேரிங்குக்குள் உருளுகிற குண்டுகளுக்குப் போகும். தினம் காலையில் போட வேண்டும். நாற்பத்து நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் கதை முடிந்தது. சரி, விட்டுப்போகவில்லை என்று எப்படி அறிவது? யோசித்தேன். பழைய தொழில் கைகொடுத்தது. நான் ஒவ்வொன்றாகப் பார்த்து, கையால் தொட்டு, சரி என்றால் அந்த முனையின் உச்சியில் ஒரு பொட்டு. சந்தனமும் திருநீறும் குழைத்தது. மோதிர விரலால் வைப்பேன். நாற்பத்து நான்கு பொட்டு இருந்தால் நாற்பத்து நான்கும் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம். ஆயுத பூஜைக்கு எல்லோரும்தான் மிஷினுக்குப் பொட்டு வைக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு நாள். சோதனை என்பது வருடத்துக்கு ஒரு நாள் செய்கிற காரியமா? நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கு வருடத்துக்கு ஒரு நாள்தான், ஆனால் அது தராசு.

தை மூன்றாம் தேதி வண்டி வயலில் இறங்கியது. காலை ஆறு மணிக்குப் போய்ப் பொட்டு வைத்தேன். ஏழு மணிக்குப் பார்க்கிறேன், ஒரு பொட்டு இல்லை. செங்கோடன் கையில் ஒரு கிழிந்த பனியன். நாற்பத்து நான்கு முனையும் பளபளவென்று இருக்கிறது.

"யார் அழித்தது?"

"நான்தாங்க. தொடச்சிட்டுத்தான் சார் கிரீஸ் அடிக்கணும். இல்லாட்டி தூசு உள்ள போயிரும்."

"திருநீறு தூசு இல்லை, செங்கோடன்."

"பேரிங்குக்குத் தெரியாதுங்களே சார்."

இது என்ன பேச்சு? கையேட்டைக் காட்டினேன். அறுபத்திரண்டாம் பக்கம். நானே மொழிபெயர்த்தது. "முனையில் உள்ள அழுக்கை முழுவதும் துடைத்த பின்னரே கிரீஸ் ஏற்றவும்." அழுக்கை என்று இருக்கிறது. சந்தனம் அழுக்கா? திருநீறு அழுக்கா? இப்போது உங்கள் நெற்றியிலேயே இருக்கிறது, அதை அழுக்கு என்று சொன்னால் விடுவீர்களா? அவர் நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

ஒன்பது நாள் இப்படியே போயிற்று. நான் வைப்பேன், அவர் துடைப்பார். அந்த ஒன்பது நாளும் வண்டி நின்றதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கக்கூடாது. புது பேரிங், ஓடத்தானே செய்யும். ஆனால் முத்திரையை அழிப்பது என் காலத்தில் கிரிமினல் குற்றம். பத்தாம் நாள் காலையில் கிரீஸ் துப்பாக்கியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"இனி கிரீஸ் நான் போடுகிறேன். நீங்கள் ஓட்டினால் போதும்."

"தொடச்சிட்டுப் போடுவீங்களா சார்?"

"முறைப்படி போடுவேன்."

முறைப்படிதான் போட்டேன். ஆறு நாள். காலையில் பொட்டு, பொட்டின் மேலேயே துப்பாக்கியைப் பொருத்தி மூன்று அழுத்து, பிறகு துப்பாக்கியின் வாய் பட்டு அழிந்த பொட்டைத் திரும்பவும் வைப்பது. துப்பாக்கியின் வாயில் ஒட்டியதுகூட வீணாகவில்லை, அடுத்த முனையில் சேர்ந்துவிடும். அவரைவிட நான் அரை மணி நேரம் கூடுதலாகவே செலவழித்தேன்.

ஆறாம் நாள் மாலை செங்கோடன் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்க்ரூடிரைவரோடு இறங்கினார். வண்டியின் வலது பக்கம் போய்க் காதை வைத்தார். அங்கே நடு ஷாஃப்ட் இருக்கிறது. எஞ்சினிலிருந்து வருகிற சுழற்சியை அறுக்கிற பாகத்துக்கும் அடிக்கிற பாகத்துக்கும் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அது நின்றால் வண்டி ஒரு அடி நகராது.

"நடு ஷாஃப்ட் பேரிங் அழுவுதுங்க சார்."

அட்டவணையைப் பார்த்தேன். வரிசை எண் ஏழு. மார்கழி இருபதாம் தேதி புதிதாகப் போட்டது. அன்று காலைகூட பொட்டு வைத்தது. அது அழ முடியாது என்று சொன்னேன்.

"கைய வச்சுப் பாருங்க, சுடுது."

"வெயில்."

"சாயங்காலம் அஞ்சரை மணிங்க சார்."

"பகல் வெயிலில் காய்ந்த இரும்பு உடனே ஆறுமா?"

"கழட்டிப் பாத்துரலாங்க. அரை நாள் வேலை. இத ஓட்டுனா பேரிங் மட்டுமில்ல, ஷாஃப்டும் போயிரும்." மறுநாள் என் மைத்துனருடைய வயல் முறை. ஆறு ஏக்கர். ஞானாம்பாளின் அண்ணன் வைத்தியலிங்கம். நான் மிஷின் வாங்கியபோது "எடைக்கல்லத் தேச்சுப் பாத்தவருக்கு எதுக்கு மிஷினு" என்று கல்யாண வீட்டில் பத்துப் பேர் கேட்கச் சொன்னவர். அவருடைய வயலுக்கு அரை நாள் தாமதமாகப் போவதா? முடியாது, காலையில் வண்டி இறங்க வேண்டும் என்றேன். செங்கோடன் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டார். டூல்ஸ் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தம்மம்பட்டி போய்விட்டார். நான் அவரைப் போகச் சொல்லவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு.

மறுநாள் எங்கள் ஊரில் டிராக்டர் ஓட்டுகிற ஒருவரை உட்காரவைத்தேன். காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு ஓட்டுகிற ஆள். அழுகிறது, சிரிக்கிறது என்று எந்தப் பிரச்சினையும் கிளப்பவில்லை. ஒன்றரை ஏக்கர் அறுத்தார். தொட்டி நெல்லைக் கொட்டத் திரும்பி வருகிற வழியில், சரியாக வயலின் வாய்க்கு வந்தபோது ஒரு சத்தம். பிறகு கருகின வாசனை. பிறகு சத்தமே இல்லை.

வயலின் வாய் என்றால், அந்த ஆறு ஏக்கருக்கும் வண்டி உள்ளே போக இருக்கிற ஒரே வழி. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் மின்கம்பம். அந்த இடைவெளியில் என் வண்டி செருகி வைத்த மாதிரி நின்றுவிட்டது. வேறு மிஷினைக் கூப்பிட்டாலும் உள்ளே போக வழி இல்லை. டிராக்டர் கட்டி இழுத்தோம். டிராக்டர் புதைந்தது. அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வந்தது. வைத்தியலிங்கம் வரப்பில் குடையோடு நின்று பார்த்தார்.

"என்ன மாப்ள, புள்ளையார் மாதிரி முச்சந்தியில உக்கார வச்சுட்டீங்க. தேங்கா ஒடைக்கவா?"

அவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"உடம்பு பூரா பொட்டு வேற. நல்லா சாமிதான்."

சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவர் முகத்தைக் கவனித்தேன். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது. நாலரை ஏக்கர் நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை மழை என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள். நனைந்து படுத்துவிட்டால் மூன்றாம் நாள் கதிரிலேயே முளை விட்டுவிடும். அவருக்கு அந்த வயலைத் தவிர வேறு எதுவும் இல்லை. இதை நான் சொன்னதாக அவரிடம் யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் சொல்கிறேன்.

ஞானாம்பாள் அன்றே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது வாணலியையும் எடுத்துக்கொண்டாள்.

"மழைக்கு முன்னாடி அந்த மனுஷனக் கூட்டிட்டு வந்து வண்டிய நகத்துங்க. இல்லாட்டி நான் அங்கயே இருந்துக்கறேன்."

"நான் என்ன தப்புச் செய்தேன்?"

"அத அந்த மனுஷன்கிட்ட கேளுங்க."

முப்பத்திரண்டு வருடத்தில் அவள் இப்படிப் பேசினது இல்லை. இன்று புதன். மூன்று நாளாக வீட்டில் நான் தனியாக உப்புமா கிண்டுகிறேன். அளவு எனக்குச் சரியாகத் தெரியும், ஆனாலும் சரியாக வரவில்லை.

செங்கோடன் நான்காவது தடவை கூப்பிட்டபோதுதான் போனை எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். "ஷாஃப்டு?" என்று மட்டும் கேட்டார். கோடு விழுந்திருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "எரிஞ்சுபோன பேரிங்கக் கழட்டி எடுத்துக்கிட்டு நேரா ஆத்தூர் வாங்க. ஷாஃப்டு அங்க கெடைக்கும். அப்பறம் ஒரு பழைய வேட்டி கொண்டாங்க."

பழைய வேட்டி. யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதன் பழைய வேட்டி கேட்கிறான் என்றால் என்ன பொருள்? என்னிடம் அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம் என்று குத்திக் காட்டுகிறான். எனக்குச் சுருக்கென்று தைத்தது. பழையதைக் கொடுக்கிறவன் இல்லை நான். மன்னார்குடியில் நல்ல கடையில் மயில்கண் கரை வேட்டி ஒன்று புதிதாக எடுத்தேன். எட்டு முழம். மூலையில் மஞ்சள் தொட்டு வைத்து, பையில் போட்டுக்கொண்டேன்.

இன்று காலை ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை. எரிந்த பேரிங்கை மேசையில் வைத்தேன். செங்கோடன் உடைந்த வளையத்தை விலக்கி, உள்ளே விரலை விட்டு வழித்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தார். வெள்ளையும் கறுப்புமாகக் களிம்பு மாதிரி, நறநறவென்று இருந்தது. முகர்ந்தார். பிறகு விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மோந்து பாருங்க சார்."

சந்தனம். ஒன்றரை ஏக்கர் எரிந்து ஓடிய பிறகும் சந்தன வாசனை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தக் கம்பெனி கிரீஸாவது இப்படி இருக்குமா? உள்ளே வரைக்கும் போயிருக்கிறது பாருங்கள் செங்கோடன், அதுகூட இந்த பேரிங்கைக் காப்பாற்ற முடியவில்லை என்றால் பேரிங்கே சரியில்லை என்று அர்த்தம், போலிச் சரக்கு என்று சொன்னேன். அவர் விரலைக் காகிதத்தில் துடைத்தார். டீயைக் குடித்தார். இன்னொரு டீ சொன்னார். அதையும் குடித்தார்.

"வேட்டி எங்க சார்?"

எடுத்துக் கொடுத்தேன். கவரைப் பிரித்துக் கரையைப் பார்த்தார்.

"பழசுதானே கேட்டேன்."

"உங்களுக்குப் பழசு கொடுப்பேனா?"

"வண்டியில மொத்தம் எத்தன நிப்பிளுங்க சார்?"

"நாற்பத்து நான்கு."

பல்லால் கரையைக் கடித்தார். சர்ரென்று கிழித்தார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிறது. கிழித்துக்கொண்டே போகிறார், நிதானமாக, ஒவ்வொன்றும் கைக்குட்டை அளவுக்கு. புது வேட்டி. மனசு எவ்வளவு புண்பட்டிருந்தால் ஒரு மனிதன் இப்படிச் செய்வான்? நான் தடுக்கவில்லை. கோபம் தீரட்டும் என்று இருந்தேன். கடைசித் துண்டைக் கிழித்து, எல்லாவற்றையும் அடுக்கி என் மடியில் வைத்தார்.

"இது உங்க பொறுப்புங்க சார். காலைல நிப்பிளுக்கு ஒரு துண்டு எங்கிட்டக் குடுங்க. தொடச்சுட்டு அழுக்குத் துண்டத் திருப்பித் தருவேன். நாப்பத்தி நாலும் எண்ணி வாங்கிக்கங்க. நாப்பத்தி நாலு அழுக்கா வந்தா நாப்பத்தி நாலும் சுத்தம்னு அர்த்தம். நீங்க எண்ணி முடிச்சு சரின்னு சொன்னப்பறம்தான் நான் கிரீஸ் அடிப்பேன். சரிங்களா?"

இருபத்தொன்பது வருடத்தில் ஒரு மேலதிகாரிகூட இவ்வளவு சுத்தமான ஒரு நடைமுறையைச் சொன்னதில்லை. கொடுப்பது, வாங்குவது, எண்ணுவது, சரி என்று சொல்வது. எல்லாம் என் கையில். அங்கேயே மேசையில் போட்டு எண்ணினேன். நாற்பத்து நான்கு. ஒன்று கூடவில்லை, குறையவில்லை. எதையும் அளக்காமல் கிழித்தார், பார்த்தேன். தற்செயல் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

ஷாஃப்ட் அதோ மேலே சாக்கில் சுற்றி இருக்கிறது. புது பேரிங் அவர் பெட்டியில். இரவுக்குள் போய்விட்டால் நாளை மத்தியானம் வண்டி நகரும், வெள்ளிக்கிழமைக்குள் நாலரை ஏக்கரும் வீடு வந்து சேரும், ஞானாம்பாளும் வந்துவிடுவாள். துறையூர் தாண்டிவிட்டோமா? கிழக்கே கொஞ்சம் மூடியிருக்கிறது, ஆனால் அது மழை மேகம் இல்லை.

ஒரே ஒரு குறைதான். அவர் அதை யோசிக்கவில்லை. துண்டு நாற்பத்து நான்கும் வெறும் துணி. எது என் துண்டு, எது வேறு துணி என்று நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தால்? வண்டியில் கிடக்கிற பழைய பனியனைக் கிழித்து நடுவில் கலந்துவிட்டால்? அடையாளம் வேண்டாமா? அதற்குத்தான் இந்தச் சிமிழ். எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். சந்தனமும் திருநீறும் வீட்டிலேயே குழைத்து எடுத்து வந்துவிட்டேன். துண்டு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பொட்டு. காய்ந்ததும் அழுத்தித் துடைத்தாலும் முழுக்கப் போகாது, முனையிலும் நன்றாகப் பதியும். உங்களோடு பேசிக்கொண்டே இருபத்தாறு முடித்துவிட்டேன் பாருங்கள். பஸ் குலுங்குகிறது, அதனால் சில பொட்டு கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. பாதகமில்லை. தராசைக் கொஞ்சம் நகர்த்துங்கள், அதன் மேல் வைத்து மீதிப் பதினெட்டையும் முடித்துவிடுகிறேன். அவர் எழுந்திருப்பதற்குள் முடிந்தால் நல்லது, பார்த்தால் சந்தோஷப்படுவார்.

என்ன, ஏன் எழுந்திருக்கிறீர்கள்? திருச்சி இன்னும் வரவில்லையே.

அவரை எதற்கு ஐயா தட்டி எழுப்புகிறீர்கள்?